கன்றின் கை

தலை வந்துவிட்டது. தோள் வரவில்லை.

கன்றின் நாக்கு நீலம் பாரித்து வாயோரம் தொங்கியது. பசு ஒருமுறை முக்கிவிட்டுக் காலை உதறியது. கறவைக்காரர் வாலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் முழங்கைவரை எண்ணெய் பூசிக்கொண்டேன்.

முதலாளி கொட்டில் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர். இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கிற ஷூ. வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது.

பிரசவ டாக்டர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. ஆனால் கொட்டிலில் டாக்டர் என்றால் மாட்டு டாக்டர்தான். இவரை நாங்கள் ‘ஆஸ்பத்திரிக்காரர்’ என்போம்.

மாட்டு டாக்டர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

“இந்தக் கன்னுக்காக ஒரு வருஷமா காத்திருக்கேன்மா. எப்படியாவது எடுத்துடு” என்றார் முதலாளி.

நான் ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

என் மகளுக்கும் இப்படித்தான். தலை வந்தது, தோள் வரவில்லை. மேசையில் நான் கிடந்தேன். இதே ஆள். அவருக்கு வேறெங்கோ அவசரம். கடிகாரத்தைப் பார்த்தார், நர்ஸை அதட்டினார், தலையைப் பிடித்து இழுத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பிள்ளை வந்தது. மற்ற கை காலெல்லாம் உதைத்தன. வலது கை மட்டும் சும்மா தொங்கியது.

போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவளுக்கு ஆறு வயது. உட்காரும்போது அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள், தூங்குகிற பூனைக்குட்டியை வைப்பதுபோல.

கேஸ் போட்டோம். அவர் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார்: தோள் மாட்டும்போது தலையை இழுப்பதால் நரம்புக்கு ஒன்றும் ஆகாது, கை வயிற்றுக்குள்ளேயே கெட்டிருக்க வேண்டும்.

என் வயிற்றின் மேலேயே பழியைப் போட்டுவிட்டார்.

வக்கீலம்மா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “இழுத்தா என்ன ஆகும்னு அவருக்கு நல்லாத் தெரியும். அதை அவர் வாயால வரவைக்கணுமே.”

ஆஸ்பத்திரிக்காரரின் மாட்டுப் பண்ணைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன். கேஸ் போட்டது என் வீட்டுக்காரர் பேரில். என்னை அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. பிரசவத்தன்று அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இரண்டு வருஷம் அவர் மாட்டுச் சாணியை அள்ளினேன். பிறந்த கன்றெல்லாம் சுலபமாக வந்து விழுந்தன. இன்றுதான் ஒன்று மாட்டியது. இன்றுதான் அவரும் வாசலில் நிற்கிறார்.

சின்ன வயதிலிருந்து மாட்டோடு கிடந்தவள் நான். தலையை உள்ளே தள்ளி, மடங்கின முன்னங்காலைத் தேடி, குளம்பைக் கைக்குள் பொத்தி நேராக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்தேன். காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தேன்.

“ஏய்! இழுக்காதே!” ஷூவோடு சாணியில் இறங்கி ஓடிவந்தார் முதலாளி. “தோள் மாட்டியிருக்கும்போது தலையை இழுப்பாங்களா? கழுத்து நரம்பு அறுந்துடும். கை வெளங்காமப் போயிடும்!”

கறவைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கன்னுக்குட்டிக்கு ஏதுங்கய்யா கை?”

முதலாளி சிரிக்கவில்லை.

“நிஜமாவாங்கய்யா?” என்றேன். “இழுத்தா நரம்பு போயிடுமா?”

“முப்பது வருஷமா பிரசவம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இழுக்கவே கூடாது. உள்ள தள்ளித் திருப்பு.”

இத்தனை வருஷமும் அடிமனதில் ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. பாவம், அவருக்கும் தெரியாமல் நடந்ததோ என்னவோ என்று. அதுவும் தீர்ந்தது.

தள்ளினேன். கால் கிடைத்தது. பசு முக்கின முக்கில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்துவிட்டேன், தும்மியது. அதன் மேல் எனக்கென்ன கோபம்? நான் அந்தத் தலையை இழுக்கவேயில்லை. என் உடம்பைத்தான் சாய்த்தேன்.

கன்று தடுமாறி எழுந்து நாலு காலையும் ஊன்றி நின்றது.

முதலாளி ஷூவை வைக்கோலில் தேய்த்தார். “நல்லவேளை, என் பேச்சைக் கேட்டே.”

“ஒரு வார்த்தை விடாம கேட்டேங்கய்யா.”

கார் கிளம்பிப் போனது. தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேல்சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினேன்.

தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பையில் போனை வைத்துப் பொத்தான் போட்டுவிடுவது என் மகள்தான். ஒற்றைக் கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு. இரண்டு வருஷமாக அதில் மாடு கத்துவதும் கறவைக்காரர் இருமுவதும்தான் பதிவாகியிருக்கும். கேட்டுவிட்டு அழித்துவிடுவேன்.

போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.