பட்டியலில் இருந்த பெயர்

ஒரு விடுகதை. ஊசி குத்துவார், ஊரைக் கேட்கமாட்டார். இரத்தம் எடுப்பார், பெயரைக் கேட்கமாட்டார். யார் அவர்?

நுளம்பு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். விடுகதையைப் போட்டவர் சுகாதாரத் திணைக்களத்தின் மலேரியாப் பிரிவில் வேலை செய்யும் பரமநாதன். ஊசியும் பஞ்சும் கண்ணாடித் துண்டுகளும் கொண்ட ஒரு பெட்டியோடு வகுப்பு வாசலில் நின்றார்.

அவருக்கு முன்பே, வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் பெற்றிசியா வந்து நின்றார். கையில், முந்தின நாள் பாடசாலை எல்லா வீடுகளுக்கும் அனுப்பிய கடிதம். வகுப்பு முழுவதற்கும் மலேரியாச் சோதனை, விரலில் ஒரு சொட்டு இரத்தம், பெற்றோர் ஒப்பமிடவும் என்று அதில் இருந்தது. அவர் ஒப்பமிடவில்லை.

“வகுப்பிலை ஒரு பிள்ளைதானே இந்தியாவிலையிருந்து வந்தது. அதுக்குக் குத்துங்கோவன். ஏன் இருபத்தெட்டுப் பேரையும் அழ வைக்கிறியள்?”

குரலைத் தாழ்த்தவில்லை. அந்த ஒரு பிள்ளை, பிரஷாந்தி, மூன்றாவது வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, போன வருடம் தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது பெற்றிசியாவின் மகள் ஜெயனி.

வகுப்பாசிரியை றஞ்சிதம் ரீச்சருக்கும் அதே சந்தேகம். பரமநாதனைத் தனியே கூப்பிட்டு, சோதிக்கவேண்டியவர்கள் என்று அவர் கொண்டுவந்த பட்டியலில் இந்த வகுப்பில் எத்தனை பெயர் என்று கேட்டார். ஒன்றுதான் என்றார் அவர். பிறகு ஏன் இந்த வேலை? இருபத்தெட்டுக் கண்ணாடியையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிக்க இரண்டு நாள் போகுமே.

“போகட்டும் ரீச்சர். ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பிக் குத்தினால், நாளைக்கு அதுதான் அந்தப் பிள்ளைக்குப் பேர்.”

ரீச்சர் பிரஷாந்தியைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

பெற்றிசியாவின் ஒப்பம் கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜெயனியை வேறு வாங்கில் இருத்தவேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரே நுளம்பு இரண்டு பேரையும் கடிக்காதா என்று கேட்டார். ஜெயனி பையைத் தூக்கிக்கொண்டு முன் வாங்குக்குப் போனாள்.

பிரஷாந்திதான் முதலில் விரலை நீட்டினாள். அழவில்லை. ஊர் வந்த நாளிலிருந்து அவளுக்கு இது நாலாவது தடவை.

பெற்றிசியாவின் பேச்சு மற்ற அம்மாமாருக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் பிரஷாந்தியின் வாங்கில் அவள் மட்டும்தான். பெடியள் ‘முகாம் நுளம்பு’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய தகப்பன் இராசேந்திரம் ரீச்சரிடம் வந்தார். மகள் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாளாம். திங்கட்கிழமை வந்து பள்ளிப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு, அடம்பனில் தன்னுடைய தமையன் வீட்டில் விட்டுப் படிப்பிக்கப்போகிறாராம்.

அன்று பின்னேரமே பரமநாதன் பெற்றிசியாவின் வீட்டுப் படலையைத் தட்டினார்.

இருபத்தேழு பேருடைய இரத்தம் சுத்தம் என்றார். ஒரு கண்ணாடியில் மட்டும், சிவப்பணுக்களுக்குள்ளே சின்னச் சின்ன மோதிரங்கள் மாதிரி மலேரியாக் கிருமி தெரிந்ததாம். அது ஜெயனியுடையது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள், பிறகு பதினாலு நாள் குளிசை. இடையில் விட்டால் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து திரும்பவும் வரும், விடாமல் குடித்தால் முழுதாகச் சுகம்.

பெற்றிசியா கதிரையில் இருந்துவிட்டார்.

“நான் அண்டைக்கே சொன்னனான். பாத்தியளே, அந்தப் பிள்ளையிட்டையிருந்து தொத்தியிட்டுது.”

“இல்லை அக்கா. பிரஷாந்திக்கு நாலு தரம் பாத்தாச்சு, ஒரு தரமும் ஒண்டுமில்லை. பட்டியலிலை இருந்தது அவவின்ரை பேரும் இல்லை.”

ஓகஸ்ட் விடுமுறையில் சித்தியோடு வேளாங்கண்ணிக்குப் போய், வரும் வழியில் சென்னையில் இரண்டு கிழமை நின்ற ஜெயனியின் பெயர்தான் அது. அண்மையில் இந்தியா போய் வந்தவர்களைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

“அவ மாதாவிட்டை எல்லோ போனவ,” என்றார் பெற்றிசியா.

பரமநாதன் ஆஸ்பத்திரிக்கு எழுதிய துண்டை மேசையில் வைத்தார். பயப்பட வேண்டாம், யாருடைய பெயர் என்று தன்னுடைய வாயால் பள்ளிக்கூடத்துக்குப் போகாது என்றார். “அதுக்குத்தானே அக்கா எல்லாருக்கும் குத்தினனான்.”

அறை வாசலில் ஜெயனி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்த மகளுக்கு, திங்கட்கிழமை காலையில் பெற்றிசியா சீப்பால் தலை இழுத்துவிட்டார். யாராவது கேட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

வகுப்பில் இராசேந்திரம் ரீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். பிரஷாந்தி புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயனி எழும்பினாள். மலேரியா வந்தது தனக்கு என்றும், இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது தான்தான் என்றும் வகுப்புக்குச் சொன்னாள். பிறகு பிரஷாந்தியின் பக்கத்தில் போய் இருந்தாள்.