இருபது கிலோ

மூன்றாம் தடவையாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிறுத்தத்திலிருந்து புறப்பட்டாள்.

கைப்பேசியில் நொடிகள் ஓடத் தொடங்கின.

ரயில்வே ஆய்வுக்காகப் பத்துத் தடவை நடக்க வேண்டும். நிறுத்தத்திலிருந்து விமான நிலைய வாசல் வரை, இருபது கிலோ பெட்டியோடு, சாதாரணப் பயணி நடக்கிற வேகத்தில். சராசரி பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்தால் விரைவு ரயில்கள் இங்கே நிற்கும், பாதைக்குக் கூரை வரும். தாண்டினால் இந்தத் திட்டத்தின் கோப்பை மூடிவிடுவார்கள்.

எடைக்கு மணல் மூட்டை அனுப்புவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வரவில்லை.

நேற்று மாலை, அறையில் இருந்ததையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கினாள். சுடிதார்கள், போர்வை, குட்டிக் குக்கர், ஒரு தட்டு, ஒரு டம்ளர், பாதி படித்த ரஷ்ய நாவல். கடைசியில் கொடிக்கயிறும்.

கீழே பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தாள்.

பதினாலரை.

“ரூம காலி பண்றியாம்மா? இவ்ளோதானா?” என்றார் கடைக்காரர்.

இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம். வேலையைப் பற்றி இல்லாமல் அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று தலையாட்டினாள்.

மீதி எடைக்கு அவர் இரண்டு செங்கல் கொடுத்தார்.

பிரித்தால் மறுபடி எடை பார்க்க வேண்டும். இரவு எதையும் வெளியே எடுக்கவில்லை. வெறுந்தரையில் படுத்தாள். ஆணியில் கயிறுகூட இல்லாத அறை, அவள் வருவதற்கு முன்பிருந்த மாதிரியே இருந்தது.

ஐந்தாவது நடை. பன்னிரண்டு நிமிடம் ஐந்து நொடி.

காலையில் அக்காவிடமிருந்து டிக்கெட்டோடு செய்தி வந்திருந்தது. ‘இன்னிக்கு நாலு அம்பது பிளைட்டு. இது மூணாவது டிக்கெட்டுடி. நீ வந்தாலும் வராட்டியும் நான் வந்து நிப்பேன்.’

வேலை இருக்கு என்று பதில் போட்டிருந்தாள்.

முதல் இரண்டு டிக்கெட்டுக்கும் அதே பதில்தான். இரண்டு முறையும் கடைசிப் பயணி வெளியே வரும்வரை அக்கா ஊர் விமான நிலையத்தில் நின்றிருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டுக்குள் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று இவளுக்குத்தான் தெரியவில்லை.

ஏழாவது நடை. வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“என்னக்கா, காலையிலேர்ந்து வர்றீங்க, திரும்பிப் போறீங்க. எந்தப் பிளேனும் உங்கள ஏத்த மாட்டேங்குதா?”

சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

எட்டு. ஒன்பது.

ஒவ்வொரு முறையும் வாசலுக்கு மூன்றடி முன்னால் நின்றாள். நேரத்தை எழுதினாள். திரும்பினாள்.

பத்தாவது நடை. பதினொரு நிமிடம் நாற்பது நொடி. சராசரி பன்னிரண்டுக்குள் வந்துவிட்டது. படிவத்தைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

இனி நடக்க எதுவும் இல்லை.

மணி மூன்றரை. கண்ணாடிக் கதவு யாருக்கோ திறந்து மூடியது. உள்ளிருந்து வந்த குளிர் முகத்தில் பட்டது.

மூன்றடி நடந்தாள்.

“டிக்கெட்?” காவலர் கை நீட்டினார்.

ஒரு நிமிடம் என்று சைகை காட்டினாள். பெட்டியைப் படுக்கவைத்து ஜிப்பைத் திறந்தாள். இரண்டு செங்கற்களையும் எடுத்துத் தூணோரம் வைத்தாள்.

கையில் ஒட்டிய செந்தூளைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்தாள்.