இரண்டு குதிரை குறைவு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எண்கள் அதைவிடச் சத்தியம். ஏனென்றால் சொற்களை மனிதர்கள் சொன்னார்கள், எண்களை ஒரு மெஷின் சொன்னது. மெஷினுக்குப் பொய் சொல்ல வாய் கிடையாது.

காலையிலிருந்து விடாத மழை. அந்தத் தகரக் கொட்டகைக்குள் எழுபத்தொரு குதிரைகளைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இன்னும் பத்துக் குதிரைகள் வந்து சேராவிட்டால் அத்தனையையும் அன்றைக்கே விற்றுவிடுவது என்று பேச்சு.

குதிரைகள் நின்றது இருபது வயதான ஒரு டீசல் எஸ்யூவியின் பானெட்டுக்குள். வண்டி நின்றது தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல். வண்டி நகராது, சக்கரம் மட்டும் உருளையைச் சுற்றும், எத்தனை குதிரை சக்தி என்று திரையில் எண் விழும். அந்த மெஷினுக்கு டைனோ என்று பெயர். அதை வைத்துப் பிழைத்தவர் டைனோக்காரர்.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். எஞ்சினில் கை வைப்பதற்கு முன் இதே மெஷினில் அளந்தபோது எழுபத்தொன்று. அதற்குப் பிறகு ஏர் ஃபில்டரை மாற்றி, சைலன்சர் குழாயை அகலமாக்கி, டீசல் பம்பைத் திருகி, எல்லாம் வாசலில் படுத்துக்கொண்டு தன் கையாலேயே செய்தார்.

வண்டி வாங்குவதற்கு முன் அந்தக் கை வீட்டுக்குள் இருந்தது. அவர் சீர்திருத்திய மிக்ஸி, தக்காளியைக் கூரைக்கு அனுப்பிவைத்தது. சீர்திருத்திய வாஷிங் மெஷின் தானாக நடந்து போய் வாசல் கதவைத் தட்டியது. உள்ளேயிருந்து தட்டியதால் யாரும் போய்த் திறக்கவில்லை.

பத்துக் குதிரை என்று நிபந்தனை வைத்தவர் அவர் மனைவி. துணியெல்லாம் கிரீஸ் என்பது அவருடைய வழக்கு. அவருடைய தம்பி வண்டியை வாங்க ஓர் ஆளையும் பிடித்து வைத்திருந்தார்.

"என்னமோ அடிக்கிறியே, என்னப்பா அது?" என்று கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த டைனோக்காரரிடம் கேட்டார் மனைவி.

"இங்க எவ்வளவு சூடுன்னு போடறேன்மா. வெயில்ல எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதுக்காக மெஷின் கணக்குல கொஞ்சம் சேத்துக் குடுக்கும். சூடு பாக்கற கருவி கெட்டுப்போச்சு, அதான் நானே போடறேன்." டைனோக்காரர் இருபத்திரண்டு என்று தட்டிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

போஸ்ட் மாஸ்டர் நாலாவது கியரில் மிதித்தார். தகரம் அதிர்ந்தது. கூரையில் ஒண்டியிருந்த புறாக்கள், இதற்கு மழையே தேவலை என்று வெளியே போய்விட்டன.

திரையில் எழுபத்தொன்பது.

"எட்டு குதிர கூடியிருக்கு சார்," என்றார் டைனோக்காரர்.

"எட்டா?" என்றார் மனைவி. "மூணு வருஷமா வாசலை அடைச்சிக்கிட்டு முறுக்கினதுக்கு எட்டா? கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். தம்பிக்குப் போன் போட்டுடவா?"

போஸ்ட் மாஸ்டர் மெல்ல இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போடு. எனக்கும் முடியல. வண்டி போனா போகட்டும், இனிமே வீட்டோட இருக்கேன். பிரிட்ஜ் வேற கொஞ்ச நாளா ஒரு மாதிரி முனகுது, பிரிச்சுப் பாக்கணும்."

மனைவி கையிலெடுத்த போனைச் சிறிது நேரம் பார்த்தார். "சிக்னல் இல்ல," என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எஞ்சின் ஆறட்டும் சார், இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடலாம்," என்றார் டைனோக்காரர்.

"பாத்து என்னப்பா ஆகப்போவுது." சொல்லிவிட்டாரே தவிர, போஸ்ட் மாஸ்டரின் தலை பானெட்டுக்குள் போய்விட்டது. எதையோ அரைச் சுற்று முறுக்கினார். பிறகு பழையபடி அரைச் சுற்று அவிழ்த்தார்.

வண்டிக்கு முன்னால் வைத்திருந்த ராட்சத மின்விசிறியின் காற்று குளிர்கிறதென்று, மனைவி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டைனோக்காரரின் மேஜைப் பக்கம் போனார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுபடி நாலாவது கியர். மறுபடி தகரம் அதிர்ந்தது. புறா எதுவும் மிச்சமில்லை.

திரையில் எண்பத்தொன்றே முக்கால்.

அதாவது பத்தே முக்கால் குதிரை. முக்கால் குதிரை எப்படி நிற்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மூன்று காலில் நிற்குமாக்கும்.

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"பாத்தியா? ஆறினதும் மூச்சு விடுது."

"பாத்தேன், பாத்தேன். இன்னும் எத்தனை வருஷம் கிரீஸ் துவைக்கணும்னு என் தலையில எழுதியிருக்கோ."

"அடுத்து டர்போவுல கை வைக்கலாம்னு இருக்கேன்."

"வைங்க. வாசல்லயே வெச்சு வைங்க."

போஸ்ட் மாஸ்டர் பட்டைகளை அவிழ்த்து, எண்பத்தொன்றே முக்கால் குதிரைகளையும் பின்பக்கமாகவே மழைக்குள் ஓட்டிக்கொண்டு போனார். மனைவி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் டைனோக்காரரின் மேஜை மேல் குனிந்தார்.

"அந்த நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலை இப்ப எறக்கிடுப்பா."