இரண்டு கடிதங்கள், ஒரே எண்

"உன் பெண்டாட்டி கோடாலிக்காம்புடா தம்பி."

செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். தேர்வுக் குழு ஆபீசில் தபால் பதிவது அவள் வேலை. போன வாரம் அவள் பிரித்த உறை ஒன்றில் நாலு பக்கம் டைப் அடித்த தாள். கீழே தம்பி மனைவியின் பெயர்.

தம்பி தரையில் மல்லாந்து கிடந்தான். மத்தியான வெயிலில் ஜன்னல் திரை உப்பி, அவன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

பத்து வருஷ உழைப்பு. அவன் உருவாக்கிய ஹாஷ் என்னும் கணக்கு முறை, தேர்வுக் குழு நடத்தும் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டது. தேர்வானால் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் அதுதான். எவ்வளவு நீளக் கடிதமானாலும் பிசைந்து பிசைந்து சின்னதாய் ஓர் எண் கொடுக்கும். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். கடிதத்தில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. வேறு வேறு கடிதம் இரண்டுக்கு ஒரே எண்ணை எவனாவது வரவழைத்துக் காட்டினால், தீர்ந்தது.

காட்டிவிட்டாள். கட்டியவள்.

"இன்னிக்கு உன்னுதைத் தள்ளிட்டாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"ஊரு உலகமெல்லாம் முட்டி மோதியும் அசையல. தலையணைக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே உடைச்சிட்டா."

"ரொம்ப அழகா உடைச்சிருக்கா, அக்கா." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒண்ணு மருந்துச் சீட்டு. இன்னொண்ணு அதே சீட்டு, மருந்தளவு மட்டும் பத்து மடங்கு. ரெண்டுக்கும் ஒரே எண். பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணியில மிதக்கிற மாதிரி இருந்துச்சு."

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? போனது உன் பத்து வருஷம்டா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

அழுகைச் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

"செய்யறதையும் செஞ்சிட்டு ஒப்பாரி வேறயா?" என்றாள் அக்கா, அந்தப் பக்கம் கேட்கும்படி.

தம்பி மனைவி வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. நாத்தனாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம ஏங்க அனுப்புனீங்க? நான்தான் எழுதுன தாளைச் சுக்குநூறாக் கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டுட்டேனே."

"ஆமா," என்றான் அவன். "ஒட்டி, டைப் அடிச்சு எடுக்க மூணு நாள் ஆச்சு."