மாப்பிள்ளையின் சரித்திரப் பாடம்

நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மகள் வீட்டுக்கு வந்த மாமனார், நாலு மாதமாகியும் கிளம்புகிற வழியைக் காணோம். ஆள் நல்ல நிறம். சொந்தபந்தமெல்லாம் அவரை ‘வெள்ளையன்’ என்றுதான் கூப்பிடும்.

அன்று காலை, சாத்திய அறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வீடு அதிரக் கேட்டது.

“வெள்ளையனே வெளியேறு!”

மாமனார் சோபாவிலிருந்து எழுந்து பெட்டியைத் தூக்கிவிட்டார். மகள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

“ஐயோ அப்பா, அது சுதந்திரப் போராட்டப் பாடம்ப்பா! நாளைக்கு ஸ்கூல்ல நடத்தணுமாம். சொல்லிப் பார்க்கறார்.”

“அப்படியா?”

மாமனார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாவகாசமாக மறுபடி சோபாவில் சாய்ந்தார்.

“மாப்பிள்ளை கணக்கு வாத்தியார்தானேம்மா? கழிச்சுப் பார்க்கச் சொல்லு. வெளியேறுன்னு நாற்பத்திரண்டுல சொன்னாங்க. வெள்ளையன் நாற்பத்தேழுலதான் போனான்.”