கொஞ்சம் பெரிதாக என் பெயர்

அடுக்குமாடி கட்டும் இடத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க முடிவெடுத்தேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

“கடையில வாங்க வேண்டாம், இந்த மண்ணுலயே கிடைக்கிற கல்லாப் பாருங்க,” என்றேன் இன்ஜினியரிடம்.

“மேட்டுல ஒண்ணு தனியா நிக்குது சார். எழுத்து கிழுத்து எதுவும் இல்ல.”

பெயர்த்து வந்து வாசலில் நட்டோம். ‘மூத்தோரே, உங்களை மறவோம்’ என்று பொறித்தோம். அதன் கீழே, கொஞ்சம் பெரிதாக, என் பெயர்.

திறப்பு விழாவுக்கு அந்தக் குடியின் மூத்த பெண்மணியை அழைத்திருந்தேன். கல்லைத் தடவித் தடவி அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

“பிடிச்சிருக்காம்மா?”

“இது எங்க பாட்டனோட சமாதிக்கல்லுய்யா. செத்தவங்க பேரைக் கல்லுல வெட்டுறது உங்க ஆளுங்க வழக்கம், எங்களுக்கு இல்ல.”

என் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

“இவரு எப்போ செத்தாரு?”