மூன்று பிரிவாக விழும் அருவி

“வெயில் பளிச்சுன்னு அடிக்கணும், சுத்திப் பார்க்க நாலு இடம் இருக்கணும், கொஞ்சம் உயிர்பயமும் இருக்கணும். எழுதிக்கோங்க!”

டிராவல்ஸ்காரர் பேனாவை நிறுத்தினார். வாடிக்கையாளர்களின் விருப்பத்தைக் குறிப்பதற்கு அவர் சொந்தமாக ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தார். அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்று தெரிந்த பிறகே ஊர்ப் பெயர்களை எடுப்பார்.

“உயிர்பயத்துக்குத் தனிக் கட்டம் இல்லைங்க சார். ‘சாகசம்’னு ஒண்ணு இருக்கு. குறைவு, நடுத்தரம், அதிகம். எதுல டிக் போட?”

“அதிகம்!” என்றார் கணவர்.

“குறைவு!” என்றாள் மனைவி, அதே நொடியில்.

டிராவல்ஸ்காரர் குடும்பஸ்தர். நடுத்தரத்தில் டிக் போட்டார்.

“இதுக்கு முன்னாடி எங்கயாவது டூர் போயிருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவை. ஒன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு மலைக்கு நடுவுல தொங்குபாலம், முன்னூறு அடி. நீங்க எந்த ஊரைக் காட்டினாலும் சரி, எனக்கு மறுபடியும் அங்கதான் போகணும்.”

“பார்த்தீங்களா? காலையிலேர்ந்து இதே பாட்டுதான்!” மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. யாரிடம் பேசினாலும் சின்னப் பிள்ளைகளை அதட்டுகிற குரல் தானாக வந்துவிடும். “உலகத்துல வேற ஊரே இல்லையா? கடல்ல படகு விடறாங்க, தண்ணிக்கடியில போய் மீன் பார்க்கறாங்க, மணல்மேட்டுல ஜீப் ஓட்டறாங்க. ஏதாவது எடுத்துச் சொல்லுங்க சார் இவருக்கு!”

“மேடம் சொல்றதும் நியாயம்தானே? போன இடத்துக்கே எதுக்கு சார் திரும்பவும்?”

“அப்படி என்ன இடம்னு முதல்ல கேளுங்க.” கணவர் கைகளை அகல விரித்தார். “பாலத்துக்கு நேர் எதிர்ல ஒரு அருவி. மூணு பிரிவா, பின்னல் போட்ட மாதிரி விழுது. பக்கத்துல ஒரு பாறை, அப்படியே யானை படுத்திருக்கிற மாதிரி. கீழ பள்ளத்துல சிவப்பு ஓட்டு வீடுங்க, தீப்பெட்டி தீப்பெட்டியா. சரிதானேம்மா?”

மனைவி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டிராவல்ஸ்காரர் விழித்தார். அந்தப் பாலத்துக்கு அவர் நூறு பேரையாவது அனுப்பியிருப்பார். அவரே இரண்டு முறை போய் வந்திருக்கிறார். “சார், அங்க அருவின்னு எதுவும்...”

மேஜைக்கடியில் அவர் கால்மேல் ஒரு செருப்பு அழுத்தமாக இறங்கியது.

“...எதுவும் இந்த மாசத்துல வத்தாம இருக்கணும்” என்று சமாளித்தார். வலியில் என்ன செய்வதென்று தெரியாமல், “படம் காட்டறேனே” என்று கணினித் திரையைத் திருப்பினார். அதற்குள் மனைவியின் கைப்பை திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

“படமெல்லாம் வேண்டாம் சார். சுவாரஸ்யமே போயிடும்.”

“அதுவும் சரிதான், நேர்லயே பார்த்துக்கலாம்” என்று சிரித்தபடி எழுந்தார் கணவர். “அடையாள அட்டை நகல் கேட்டீங்களே, பக்கத்துக் கடையில எடுத்துட்டு வந்துடறேன்.”

அவர் வெளியே போனதும் மனைவியின் அதட்டல் குரல் இருந்த இடம் தெரியாமல் போனது.

“கால் ரொம்ப வலிக்குதா சார்? மன்னிச்சுக்கோங்க.”

“அதை விடுங்க. அங்க ஏது மேடம் அருவி? சுத்திவர வெறும் காடுதானே?”

“எனக்கென்ன தெரியும்? நான் பார்த்தாத்தானே! பாலம் ஆடின ஆட்டத்துல கண்ணை இறுக்கி மூடினவ, அக்கரையிலதான் திறந்தேன். நான் பயப்படறேன்னு தெரிஞ்சா அவர் ஆசைப்பட்டு வந்ததை விட்டுட்டுப் பாதியிலயே திரும்பிடுவார். அதனால வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். பிள்ளைங்களுக்குக் கதை சொல்ற வாயில்லையா, அருவி, யானை, வீடுன்னு தானா கொட்டிடுச்சு. ஒன்பது வருஷமா பார்க்கறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறார் மனுஷன்.” அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். “இப்ப அங்க போய் நின்னா? இவ இத்தனை வருஷம் சொன்னதெல்லாமே பொய்தானோன்னு தோணிடாதா? கையெடுத்துக் கும்பிடறேன் சார், எப்படியாவது வேற ஊருக்குத் திருப்பிவிட்டுடுங்க.”

டிராவல்ஸ்காரர் நெற்றியைச் சொறிந்தார். “அதெல்லாம் சரி மேடம். அந்தப் பாலத்துல அவரும்தானே உங்ககூட வந்தார்? அங்க அருவி இல்லைன்னு அவருக்குத் தெரியாதா?”

“தெரியுமே!”

வாசலில் கணவர், கையில் நகல்களோடு நின்றிருந்தார். மனைவி பதறி எழுந்தாள். அவர் அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்குப் பத்து வயசுல போன பார்வைங்க” என்றார் டிராவல்ஸ்காரரிடம். “யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துட்டுப் போன கண்ணு, வச்சு மூணு மாசம்தான் ஆகுது.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “காதாலயே உலகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தவனுக்கு, சத்தமே போடாத ஒரு அருவியைக் காட்டினியேம்மா! முகத்தை என் முதுகுல புதைச்சுக்கிட்டு, அவ்வளவு நடுக்கத்துலயும் எனக்காக ஒரு மலையையே கட்டிக் கொடுத்தே. இந்தத் தடவை நீ நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டு வா. என்னென்ன தெரியுதுன்னு நான் சொல்றேன்.”